பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் குழு அடுத்த முறை கூடும்போது சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர், காலை உணவு என்று பேச வேண்டியவை நிறைய இருக்கும். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பிள்ளைகளின் அந்தரங்கப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை மிரட்டும் கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. மிரட்டப்பட்ட பிள்ளை யாரிடம் வந்து சொல்லும், சொன்ன பிறகு அந்தப் பெரியவர் என்ன செய்வார் என்பதை உங்கள் குழு முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

குழந்தைகள் பாதுகாப்புக்காக வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் நான் தன்னார்வலர். பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவதும், இத்தகைய சிக்கலில் மாட்டிக்கொண்ட குடும்பங்களோடு காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு என்று கூடவே நடப்பதும் எங்கள் வேலை. ஊர் பெயரோ பள்ளிப் பெயரோ சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் பரவிவிட்டது என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, பரப்பிய பையன்களை 'படிக்கிற பிள்ளைகள்' என்று விட்டுவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் நால்வர் உட்கார்ந்து, மன்னிப்புக் கடிதம் வாங்கி, அங்கேயே முடித்துவைத்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே முடிந்தது பெரியவர்களின் சங்கடம் மட்டும்தான். படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நம் வீடுகளுக்குள் கைபேசி வந்த கதை உங்களுக்கே தெரியும். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமும் வீட்டுப்பாடமும் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் வந்தன. கடன் வாங்கியாவது ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தோம். பள்ளி திறந்த பிறகும் கைபேசி வீட்டிலேயே இருந்தது. அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. படிப்புக்காக வாங்கிக் கொடுத்தோம், அது சரிதான். ஆனால் அதன் வழியே யாரெல்லாம் வீட்டுக்குள் வர முடியும் என்று பிள்ளைகளுக்கும் நமக்கும் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை.

வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமிலோ விளையாட்டுச் செயலியிலோ, பிள்ளையின் வயதே உள்ளவர் போல ஒரு கணக்கு நட்புக் கேட்கும். சில நாள் அன்பான பேச்சு. பிறகு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ பேச்சு நகரும். முதலில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம் வரும், அது யாருடையதோ. பதிலுக்கு ஒன்று கேட்பார்கள். பிள்ளை அனுப்பிய அடுத்த நிமிடமே குரல் மாறும். பிள்ளையின் நண்பர் பட்டியல் முழுவதையும் எடுத்துக் காட்டி, 'பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் அப்பாவுக்கும் வாத்தியாருக்கும் போகும்' என்பார்கள். பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இன்னும் படங்கள் கேட்கிறார்கள், பையன்களிடம் பணம் கேட்கிறார்கள். பையன்களைப் பெற்றவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். அமெரிக்காவில் 'காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம்' என்றொரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. படத்தை வைத்துப் பணம் பறிப்பதாக அங்கே வந்த புகார்கள் 2022-இல் 10,731. அடுத்த ஆண்டே 26,718. மாட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் பதின்பருவத்துப் பையன்கள். ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற நம் எண்ணமே அந்தப் பையன்களை வாய் திறக்கவிடாமல் செய்கிறது.

இப்போது படம் அனுப்பவே தேவையில்லை என்ற நிலைமையும் வந்துவிட்டது. ஆண்டு விழாப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தால் ஆடையில்லாத படமாக்கித் தருகிறது. அதே அமெரிக்க மையத்துக்கு இந்த வகையில் 2023-இல் ஏறத்தாழ 4,700 புகார்கள் வந்தன. 2024-இல் 67,000. இதைச் செய்கிறவன் எங்கோ இருக்கும் கயவனாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனாகவும் இருக்கலாம். பொய்ப் படம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குழந்தையின் உடலைக் காட்டும் உண்மையான படமானாலும் புனையப்பட்ட படமானாலும், அதை வெளியிடுவேன் என்று மிரட்டுவதே குற்றம் என்று 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது.

இந்தக் கயமையை எதிர்த்து உலகில் நடந்திருக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தொடங்கியவர்கள் அரசுகள் அல்ல. நான் மேலே சொன்ன அமெரிக்க மையம், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயும் தந்தையும் மற்றவர்களோடு சேர்ந்து 1984-இல் உண்டாக்கியது. இணையத்தில் குழந்தைகளுக்கு எதிராக நடக்கும் கொடுமைகளைச் சொல்ல 1998-இல் சைபர்டிப்லைன் என்ற புகார் வழியை அது திறந்தது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இத்தகைய படத்தைக் கண்டால் அங்கேதான் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பேஸ்புக், கூகுள், இன்ஸ்டாகிராம் எல்லாம் அந்த நாட்டு நிறுவனங்கள் என்பதால், நம் ஊரில் ஏற்றப்பட்ட படத்தைப் பற்றிய செய்தியும் அங்கே போகிறது. 2023-இல் உலகம் முழுவதிலுமிருந்து வந்த 3.62 கோடிப் புகார்களில் ஏறத்தாழ 89 லட்சம் இந்தியாவைச் சுட்டின. வேறெந்த நாட்டையும் விட அதிகம். ஒரே காணொளி பல பேர் கைக்குப் போனால் பலமுறை எண்ணப்படும் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இது சிறிய எண் இல்லை.

பிரிட்டனில் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷனும் ஒரு தொண்டு நிறுவனமே. அது தொடங்கியபோது, உலகில் கண்டறியப்பட்ட இத்தகைய படங்களில் 18 விழுக்காடு பிரிட்டனில் உள்ள கணினிகளில் இருந்தன. சில ஆண்டுகளிலேயே ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. புகாரை வாங்குவதும், ஆட்களை உட்கார வைத்துச் சரிபார்ப்பதும், நிறுவனத்துக்குச் சொல்லி நீக்க வைப்பதும்தான் அவர்கள் செய்தது. சலிப்பூட்டும், மனத்தை நோகடிக்கும் வேலை. தினமும் அந்தப் படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அந்த நிறுவனத்தோடு சேர்ந்து மும்பையைச் சேர்ந்த ஆரம்ப் இந்தியா 2016-இல் நம் நாட்டுக்கென்று ஒரு புகார்த் தளத்தைத் தொடங்கியது.

ஐதராபாத்தில் பிரஜ்வலா அமைப்பை நடத்தும் சுனிதா கிருஷ்ணன் 2015-இல் செய்ததை ஒவ்வொரு ஊரிலும் சொல்ல வேண்டும். கூட்டு வல்லுறவுக் காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைக் கண்டு, அவற்றை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. நாம் இன்று வீட்டிலிருந்தே புகார் கொடுக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம், அந்த வழக்கின் வழியே 2018-இல் பிறந்தது. அந்த இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணின் பிறப்பும் இப்படித்தான். மும்பையில் 1996-இல் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணியாக ஜெரு பில்லிமோரியா தொடங்கியதை 2023-இல் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நம் சென்னையிலேயே துளிர் என்ற அமைப்பு, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதற்காக 2004 முதல் வேலை செய்துவருகிறது. இதைப் பற்றி வாய் திறந்து பேசவே மக்கள் கூசிய காலத்தில் தொடங்கியவர்கள் அவர்கள்.

அம்பத்தூர் வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க மையத்துக்கு வரும் புகார்களைப் பெற நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2019-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த வழியே வந்த தகவலை வைத்து 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் மீது வழக்குப் பதிவானது. அவருடைய கைபேசியில் குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் காணொளிகள் இருந்தன. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், பதிவிறக்கித் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று அந்த வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்போடு விட்டிருந்தால் நாடு முழுவதும் அதையே எடுத்துக்காட்டியிருப்பார்கள். விடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, குழந்தைகள் உரிமைக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜஸ்ட் ரைட்ஸ் பார் சில்ட்ரன் அலையன்ஸ். அந்த வழக்கில் அவர்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. இத்தகைய படத்தை அழிக்காமலும், உரியவர்களிடம் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே சட்டம் சொல்லும் தீய நோக்கத்தைக் காட்டக்கூடும் என்று விளக்கியது. நிறுவனங்கள் அமெரிக்க மையத்துக்குச் சொல்லிவிட்டோம் என்று கைகழுவக்கூடாது, இங்குள்ள காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது.

சட்டம் இருக்கிறது, புகார் வழி இருக்கிறது, உயிரைக் கொடுத்து உழைக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. அப்படியிருந்தும் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஏற்பாடு முழுவதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு.

நிறுவனங்களின் கணினிகள் படங்களை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ஏற்கெனவே ஒருமுறை கண்டறியப்பட்ட படத்துக்குக் கைரேகை போல ஓர் எண்வரிசை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து 2009-இல் உருவாக்கிய போட்டோடிஎன்ஏ இப்படித்தான் வேலை செய்கிறது. அதே படம் வேறெங்காவது ஏறினால் எண்வரிசை பொருந்தும், பிடிபடும். பழைய படத்துக்கு இது அருமையான காவல். ஆனால் நேற்றிரவு உங்கள் பள்ளிப் பிள்ளையிடமிருந்து பறிக்கப்பட்ட படம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதோடு, வாட்ஸ்அப்பில் போகும் செய்தி அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டப்பட்டது. நடுவில் எந்தக் கணினியும் அதைப் பார்க்க முடியாது. நம் ஊரில் இவை பரவுவதோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். ஆகவே இந்தப் படத்தைப் பற்றி உலகில் முதலில் தெரியப்போவது அந்தப் பிள்ளைக்கு, அடுத்தபடியாக அந்தப் பிள்ளை நம்பிச் சொல்லும் ஒரு மனிதருக்கு. அவர் மூடி மறைத்தால் வாஷிங்டன் பக்கத்திலிருந்தோ டெல்லியிலிருந்தோ யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அந்த மனிதர் பெரும்பாலும் ஓர் அம்மா, அல்லது ஓர் ஆசிரியை. கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்களைத் தேடி எழுத வேறு காரணம் வேண்டுமா?

பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். 'ஏன் அனுப்பினாய்' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளை தனக்குள்ளேயே நூறு முறை கேட்டுவிட்டுத்தான் உங்கள் முன் வந்து நிற்கிறது. அடிக்காதீர்கள். கைபேசியைப் பிடுங்கி உடைக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், அதில்தான் சான்று இருக்கிறது. கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுநாளும் கேட்பார்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மிரட்டுகிறவனின் கணக்குப் பெயர், கைபேசி எண், மிரட்டல் வாசகம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் பிள்ளையின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். தலைமையாசிரியர் பார்க்கட்டும், வார்டு உறுப்பினர் பார்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் அனுப்புவதும் பரப்புவதுதான். கைபேசியோடு நேரே போய்க் காவல்துறையிடம் காட்டுங்கள்.

படத்தை இணையத்திலிருந்து தடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. அந்த அமெரிக்க மையம் 2023 முதல் டேக் இட் டவுன் என்ற இலவச சேவையை நடத்துகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தபோது எடுக்கப்பட்ட படம் என்றால் போதும். பெயர் சொல்ல வேண்டாம், படத்தையும் அனுப்ப வேண்டாம். நான் மேலே சொன்ன எண்வரிசை பிள்ளையின் கைபேசியிலேயே உண்டாகும். அந்த எண் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்ற பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்து நீக்க முடியும். பூட்டப்பட்ட வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இது செல்லாது. இருந்தாலும், 'ஊரே பார்த்துவிடும்' என்று நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தன் கையாலேயே ஏதோ ஒன்றைச் செய்ய முடிகிறது என்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நேரில் பார்த்தவள் நான்.

காவல் நிலையம் என்றாலே நம் பெண்கள் பின்வாங்குவதைப் பார்க்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை, சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக்கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் வெளியிடுவது குற்றம். வழக்கு முடியும்வரை துணைக்கு நிற்க ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தொண்டு அமைப்பினர் அந்தப் பொறுப்பில் வர முடியும். இவற்றில் ஏதாவது மீறப்பட்டால் அங்கேயே கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. பள்ளியின் பெயர் கெடும் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், தயவுசெய்து இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

செய்தவனும் நம் பள்ளிப் பையனே என்றால் என்ன செய்வது என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். கடினமான கேள்விதான். நாம் அடித்துத் திருத்தும் வேலையும் வேண்டாம், மறைத்துக் காப்பாற்றும் வேலையும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவன் மீதான வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அங்கே அவனுக்கு உளவியல் ஆலோசனைக்கும் வழி உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணும் அவனும் ஒரே வகுப்பில் இருந்தால் இடம் மாற வேண்டியவள் அவள் அல்ல என்பதில் மட்டும் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள் என்று கேட்கிறேன். பிள்ளைகள் தயங்காமல் போய்ச் சொல்லக்கூடிய இருவரை, ஓர் ஆசிரியை, ஒரு தாய் என்று, பிள்ளைகளையே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். 1098, 1930, கல்வித் துறையின் 14417 ஆகிய மூன்று எண்களையும் கழிப்பறைச் சுவரில் எழுதிவையுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுதினால் நாலு பேர் பார்க்க நின்று குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் பள்ளியில் இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எப்போது திறக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரியும் விழாப் படங்களைப் பொதுத்தளங்களில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் எழுதி, அவர்களையும் உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் தொண்டு அமைப்பு ஒன்றையும் பள்ளிக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு நடத்திவிட்டுப் போகவிடாதீர்கள், அப்பாக்களையும் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக ஒரு மணி நேரமாவது கேள்வி கேட்க விடச் சொல்லுங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும், தலைமையாசிரியர் மாறினாலும் நிற்காது. பல குழுக்கள் ஒரே மாதிரித் தீர்மானம் போட்டு அனுப்பினால் பள்ளிக் கல்வித் துறையும் சமூகப் பாதுகாப்புத் துறையும் இதற்கென்று ஆட்களையும் பணத்தையும் ஒதுக்க வேண்டிவரும். தன்னார்வலர்களாகிய எங்களை எந்த ஊருக்கு அழைத்தாலும் வருகிறோம். பஸ் கட்டணத்தைக்கூட எதிர்பார்க்கவில்லை. கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் ஒரு தன்னார்வலர்